தூண்களுக்குக் குளிராது

முகப்புக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அவரை நீங்கள் தேடிப்போக வேண்டியதில்லை, அவரே உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுக்கு எதிரே நிறுத்தி, "இங்கேயிருந்து பாருங்க. இல்லையில்ல, இன்னும் ரெண்டடி பின்னால போய்ப் பாருங்க" என்பார். நீங்கள் எதிர்ச்சாரிச் சாக்கடையில் கால் வைக்கிற வரைக்கும் விடமாட்டார், ஏனென்றால் அங்கேயிருந்து பார்த்தால்தான் வாயிற்கதவில் அடித்த இரண்டு குதிரைத் தலைகளும், கூரையின் பச்சைத் தகடும், அதன் உச்சியில் பொருத்திய தகரப் பிறையும் ஒரே பார்வையில் விழும். அவருடைய மேல்கோட்டு வெளியே புதிது, உள்துணி கிழிசல். முன்பல் நான்குக்கும் தங்கம் கட்டியிருப்பார். கடைவாய்ப்பல் சொத்தையாகி மூன்று வருஷமாக ஒரே பக்கத்தில் மென்றுகொண்டிருப்பார்.

"யாருக்குத் தெரியப்போகுது?" என்பது இந்த இனத்தின் தாரக மந்திரம். திருடனும் இதே கேள்வியைத்தான் கேட்கிறான் என்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது. திருடன் ஒரு கெட்ட காரியத்தைச் செய்வதற்கு முன்னால் கேட்பான். முகப்புக்காரர் ஒரு நல்ல காரியத்தைச் செய்யாமல் தப்பிப்பதற்காகக் கேட்பார்.

நரின் என்ற குளிர்மலை ஊரில் டயர் கடை வைத்திருக்கும் பெய்ஷென் இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி. ஆற்றோரத்தில் அவர் புது வீடு கட்டத் தொடங்கியபோது அஸ்திவாரத்துக்கு முன்னாலேயே வாயிற்கதவு வந்து இறங்கிவிட்டது. ஒரு கோடைகாலம் முழுக்க அந்தக் கதவு, பின்னால் வீடு இல்லாமல், வெட்டவெளியில் தனியாக நின்றது. பெய்ஷென் தினமும் காலையில் அதைப் பூட்டுவார், மாலையில் திறப்பார். ஆடுகள் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போயின.

அவரைப் பார்த்து ஒரேயடியாகச் சிரித்துவிடவும் முடியாது. வீட்டுக்குக் காரணம் பேரக்குழந்தை. மகன் சமத் மலைமேல் சாலை போடும் வேலையில் இருக்கிறான். பாதி மாதம் அங்கே, பாதி மாதம் இங்கே. மருமகள் பெகாய்க்கு ஜனவரியில் பிரசவம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். தலைச்சன் பேரப்பிள்ளை தகப்பன்வழித் தாத்தா வீட்டில்தான் வளரவேண்டும் என்பது அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத சட்டம். பெய்ஷெனின் பழைய இரண்டறை வீடு தாழ்ந்த கூரை, கோணல் ஜன்னல். பிள்ளையைப் பார்க்க ஊரே வரும்; வருகிறவர்கள் தலையை இடித்துக்கொண்டா நுழைவது? வீட்டின் நடுவே அறுபது பேர் உட்காருகிற கூடம், நாலு மீட்டர் உயரக் கூரை, நடுவில் கண்ணாடிச் சரவிளக்கு, அதற்குக் கீழே தொட்டில். இதை அவர் கண்ணை மூடினாலே பார்ப்பார். மனிதர் உண்மையாகவே அந்தக் குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் செங்கல் சுவர் எழுந்தது. மேஸ்திரி கெனெஷ் ஒருநாள் சாரத்திலிருந்து இறங்கிவந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணே, பூசறதுக்கு முன்னால சுவருக்கு வெளிப்பக்கம் அரைச் சாண் கனத்துக்குக் கல்பஞ்சு வெச்சுக் கட்டிடலாம். கூரைக்கும் மேல ரெண்டு மடிப்புப் பரப்பிடலாம். இப்பவே செஞ்சாதான் உண்டு."

கல்லை உருக்கிப் பஞ்சாக நூற்று, மெத்தை மாதிரிச் சுருட்டி விற்கிறார்களே, அதைச் சொன்னான். பெய்ஷென் முகம் சுருங்கியது.

"அதை வெச்சுக் கட்டின பெறகு அது மேல பூசிடுவியா?"

"ஆமாண்ணே."

"அப்ப அது இருக்கறது யாருக்குத் தெரியும்?"

கெனெஷ் யோசித்தான். இருபது வருஷமாக வீடு கட்டுகிறவன். இப்படி ஒரு கேள்வியை அவன் கல்பஞ்சின் சார்பில் யோசித்ததில்லை. "குளிருக்குத் தெரியும்ணே" என்றான்.

"குளிர் வந்து எனக்குப் பார்வைப்பரிசு வெக்குமா?"

அங்கேதான் முகப்புக்காரரின் கணக்கு இருக்கிறது. புது மருமகளோ, பிறந்த குழந்தையோ, புதுக் குதிரையோ, புது வீடோ, எதையும் முதன்முதலாகப் பார்க்கிறவர் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. பார்த்ததற்காக ஏதாவது கொடுக்கவேண்டும். அது எல்லோரும் சந்தோஷமாகச் செய்கிற மரியாதை. பெய்ஷென் அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுக்கொண்டார். எதைப் பார்க்க முடியாதோ அதற்குப் பரிசு கிடையாது; எதற்குப் பரிசு கிடையாதோ அதை எதற்காகச் செய்வது?

புருல்சா இதைக் கேட்டுக்கொண்டே செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் பெய்ஷெனின் மனைவி. இறைச்சிக் கிடங்கில் எடை போடுகிற வேலையில் பதினெட்டு வருஷம் இருக்கிறாள். குளிரைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"என்னங்க, எங்க கிடங்குல தொங்கற செத்த ஆட்டுக்குச் சுவத்துல ஒரு சாண் கனத்துக்குப் போட்டிருக்காங்க. உயிரோட வரப்போற பிள்ளைக்கு அரைச் சாண் போடக் கூடாதா?"

"அது குளிர் வெளியே போகாம இருக்கறதுக்குப் போட்டது."

"சூடு வெளியே போகாம இருக்கறதுக்கு மட்டும் வேற மாதிரியா போடுவாங்க?"

"சுவரைப் பாரு புருல்சா, எவ்வளவு கனம்! பீரங்கி வெச்சாலும் அசையாது."

"நம்ம வீட்டுக்கு பீரங்கி வருதோ இல்லியோ, ஜனவரி கட்டாயம் வரும்."

கெனெஷ் சிரித்துவிட்டான். பெய்ஷெனுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அரை மனசாக, "சரி, நாளைக்குச் சந்தைக்குப் போய் வாங்கிட்டு வரேன். கல்பஞ்சு இல்லாட்டி தெர்மோகோலாவது வாங்கறேன்" என்றார்.

போகத்தான் போனார். நல்ல எண்ணத்தோடுதான் போனார் என்று நான் சத்தியம் செய்வேன். வெள்ளைத் தெர்மோகோல் பலகைகளை அடுக்கிவைத்திருந்த கடைமுன் நின்று விலைகூடக் கேட்டார். ஆனால் விதி அடுத்த கடையில் இருந்தது. அங்கே அதே தெர்மோகோலை வெட்டி, இழைத்து, மேலே சிமெண்டுப் பாலைத் தடவி, ஆளுயரத்தைப் போல் இரண்டு பங்கு உயரமான தூண்களாக நிறுத்தியிருந்தார்கள். உச்சியில் சுருண்ட இலைகள், இடுப்பில் கொடி, பாதத்தில் சிங்க நகம். பலகையைச் சுவருக்குள் புதைக்கவேண்டும். தூணை வாசலில் நிறுத்தலாம். ஒரு முகப்புக்காரரை இந்த இரண்டு கடைகளுக்கும் நடுவில் நிறுத்துவது மனிதத்தன்மையா?

மாலையில் லாரி வந்தபோது புருல்சா வெளியே வந்து பார்த்தாள். நான்கு தூண்கள். ஜன்னல்களுக்கு மேலே ஒட்டப் பூவேலை வளைவுகள் பன்னிரண்டு. கழுகுகள் இரண்டு.

"பலகை எங்க?"

"இதுவும் அதே சரக்குதான்! தட்டிப் பாரு. எவ்வளவு கனம் பாரு. குளிரே ஏறாதாம்."

"எதுக்கு ஏறாது?"

"தூணுக்கு."

புருல்சா உள்ளே போய்விட்டாள். கெனெஷ் மறுநாள் தூண்களை நிறுத்தினான். அவை எதையும் தாங்கவில்லை. கூரை அவற்றுக்கு ஒரு விரற்கடை மேலேயே தன் பாட்டுக்கு இருந்தது.

அக்டோபரில் வீடு புகுந்த விருந்து. முகப்புக்காரர் வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் வெளியே, பிறகு இன்னும் வெளியே, பிறகு உள்ளே வந்து, சரவிளக்கைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டு, "இது எங்கேயிருந்து வந்திருக்கும்னு சொல்லுங்க பார்ப்போம்?" என்பார். தெரிந்தவர் தெரியாததுபோல் இருக்கவேண்டும். வந்தவர்கள் கழுத்தை நிமிர்த்தி "ஓ" என்றார்கள். கம்பளங்கள், போர்வைகள், ஒரு செம்மறிக் கிடா, கூடத்துக்குத் தனியாக, தூண்களுக்குத் தனியாக என்று பார்வைப்பரிசு குவிந்தது. பெய்ஷென் புருல்சாவை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம்: கல்பஞ்சுக்கு எவன் கிடா கொடுப்பான்?

பெகாயின் தாய் அனார்கான் அம்மாள் மட்டும் சரவிளக்கைப் பார்க்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் பழைய அடுக்குமாடியில் குடியிருப்பவள். மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். சுவரில் கையை வைத்துப் பார்த்தாள்.

"குளிர்காலத்துல எப்படி இருக்கும் சம்பந்தி?"

"கொதிகலன் பெரிசு சம்பந்தி! நிலக்கரி போட ரெண்டு வாய்."

"நான் கொதிகலனைக் கேக்கல" என்றாள் அந்த அம்மாள்.

பிறகு நவம்பர் வந்தது. இந்த இனத்தின் மொழி அழகைக் கேட்கவேண்டுமானால் நவம்பரில்தான் போகவேண்டும். சுவரோரம் ஈரம் கசிந்தால், "புதுப் பூச்சு, காயுது" என்பார். அலமாரிக்குப் பின்னால் கருப்பாகப் பூசணம் பூத்தால், "சிமெண்டு நல்ல சிமெண்டு இல்ல" என்பார். ஜன்னல் மூலையில் உறைபனி படிந்தால், "காத்தோட்டமான வீடு" என்பார். கொதிகலனின் இரண்டு வாய்க்கும் தீனி போட்டு மாளவில்லை. குடும்பம் கூடத்திலிருந்து உள்ளறைக்கு, உள்ளறையிலிருந்து சமையலறைக்கு என்று பின்வாங்கி, டிசம்பர் நடுவில் நால்வரும் அடுப்பைச் சுற்றி வரிசையாகப் படுத்தார்கள். பழைய வீட்டில் இரண்டு அறைகள் இருந்தன. புது வீட்டில் எட்டு. இருக்க முடிந்தது ஒன்றில். பழைய வீட்டையோ தெருவிலிருந்து பார்த்தால் மறைக்கிறதென்று இடித்தாகிவிட்டது. பெய்ஷெனுக்கு டயர் கடையில் திடீரென்று வேலை அதிகமாகிவிட்டது. அதுவும் தகரக் கொட்டகைதான், ஆனால் சின்னது, இரும்படுப்பு இருந்தது.

வந்தவர்கள் மேல்கோட்டைக் கழற்றவில்லை. விருந்தாளி கோட்டோடு உட்கார்ந்தால் அவமானம் வீட்டுக்காரனுக்குத்தான். "கழட்டிட்டு வசதியா உக்காருங்க" என்பார் பெய்ஷென், தானே தலையில் நரித்தோல் தொப்பியோடு.

"இருக்கட்டும், கிளம்பிடுவேன்" என்பார்கள். சொன்னபடியே கிளம்பியும் விடுவார்கள்.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி பெகாய்க்கு ஆண் குழந்தை பிறந்தது. பெய்ஷென் மருத்துவமனை ஜன்னலுக்குக் கீழே பனியில் நின்று, யாரோ தூக்கிக்காட்டிய துணிப்பொட்டலத்தைப் பார்த்து விம்மிவிட்டார். இருப்பதிலேயே நல்ல கிடாயை விற்றாவது அடுத்த நிமிடமே பார்வைப்பரிசு வைத்திருப்பார். மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். கூடத்தில், சரவிளக்குக்கு நேர்கீழே, அவரே தொட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்.

பிள்ளை வருவதற்கு முதல்நாள் மதியம் அனார்கான் அம்மாள் வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு வெப்பமானியை எடுத்துத் தொட்டிலுக்குள் தலையணைமேல் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஆயிற்று. எடுத்துப் பார்த்தாள்.

"ஏழு."

"அது பழைய மானி சம்பந்தி" என்றார் பெய்ஷென்.

"மானி பழசுதான். குளிர் புதுசு." அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் சண்டை போட வரல சம்பந்தி. நாப்பது நாளாவது பிள்ளை எங்க வீட்ல இருக்கட்டும். ரெண்டே அறைதான், ஆனா கதகதப்பா இருக்கும். அப்புறம் வசந்தம் வந்ததும் பார்த்துக்கலாம்."

"தலைச்சன் பேரன் தாய்வழி வீட்லயா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் சொல்றதைக் கேட்டா பிள்ளைக்குச் சளி பிடிக்காதா? நாளைக்குச் சாயந்திரம் மறுபடி வரேன். இருபத்திரண்டு காட்டணும். இல்லேன்னா தூக்கிட்டுப் போயிடுவேன்."

அவள் போன பிறகு பெய்ஷென் வெளியே வந்து வாசலில் நின்றார். வெயில் இருந்தது; வெறும் வெளிச்சம்தான், சூடு இல்லை. கையுறை இல்லாத கையைச் சுவரில் ஊன்றினார். சுரீரென்று கடித்தது. கையை உதறிக்கொண்டு பக்கத்துத் தூணில் ஊன்றினார்.

கடிக்கவில்லை.

இன்னொரு தரம் சுவரைத் தொட்டார், தூணைத் தொட்டார். அடுத்த தூணுக்குப் போனார். நான்கு தூண்களும், பாதத்துச் சிங்க நகம் முதல் உச்சி இலை வரைக்கும், குளிரைப் பற்றிக் கவலையே இல்லாமல் சொகுசாக நின்றன. வீட்டிலேயே குளிராதவை அவை நான்கும்தான். ஐம்பத்தெட்டு வயது மனிதர் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. நாளைக்கு அந்தப் பொட்டலம் ஆற்றைக் கடந்து போய்விடும்.

உள்ளே வந்து புருல்சாவிடம், இருபத்தைந்து வருஷமாகக் கேட்காத குரலில், "இப்ப என்னம்மா செய்யறது?" என்றார்.

"டயர் கொட்டகைக்குப் பின்னால என்னோட கம்பளிக் கூடாரம் கிடக்குது" என்றாள் அவள். "நான் கல்யாணமாகி வந்தப்ப எங்க வீட்ல கொடுத்தது. நீங்க பழசுன்னு சொல்லி மூட்டை கட்டிப் போட்டீங்களே. கம்பளி ஒண்ணும் கெடல, போன மாசம்தான் உதறிப் பார்த்தேன்."

"முற்றத்துல கூடாரமா? இவ்வளவு பெரிய வீட்டுக்கு முன்னால? தெருவே பாக்குமே!"

"முற்றத்துல யாரு அடிக்கச் சொன்னா? கூடத்துலதான் நாலு மீட்டர் உசரம் வெச்சிருக்கீங்களே."

பெய்ஷென் ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்து மூடினார். வாழ்க்கையிலேயே முதல்தடவையாக, யாரும் பார்க்கக் கூடாதென்று ஒரு காரியத்தைச் செய்யப்போகிறார்.

கெனெஷை வரவழைத்து மூவருமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டங்களை வட்டமாக விரித்தார்கள். வளைகழிகளை மேல்வளையத்தில் சொருகினார்கள். ஆட்டுரோமக் கம்பளியை இரண்டு சுற்றுச் சுற்றி, கயிற்றால் இறுக்கினார்கள். சரவிளக்கு மட்டும் இடித்தது. கழற்றலாம் என்றான் கெனெஷ். பெய்ஷென் பார்த்த பார்வையில் விட்டுவிட்டான். கடைசியில் அது மேல்வளையத்தின் நடுத்துளை வழியாகக் கூடாரத்துக்குள்ளேயே இறங்கித் தொங்கியது. சுற்றியிருந்த இடுக்கில் கம்பளித் துண்டுகளை அடைத்தார்கள். உள்ளே ஒரு சின்ன மின்னடுப்பு. கூடத்தில் மூச்சு புகைந்தது. கூடாரத்துக்குள் தேநீர் குடித்த கெனெஷ் முதலில் தொப்பியை எடுத்தான், பிறகு கோட்டை, பிறகு ஸ்வெட்டரை.

"அண்ணே, நான் சொன்ன அரைச் சாண் இதுதாண்ணே" என்றான்.

"வாயை மூடிட்டுத் தேநீரைக் குடி" என்றார் பெய்ஷென். ஆனால் அவரும் கோட்டைக் கழற்றியிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அனார்கான் அம்மாள் கூடத்துக்குள் நுழைந்து, கூடாரத்தைப் பார்த்தாள். குனிந்து உள்ளே போனாள். வெப்பமானியைத் தொட்டிலில் வைத்தாள். இருபத்துநான்கு. அவள் மெதுவாக மேல்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டை மடித்து, புருல்சாவின் கையில் கொடுத்தாள்.

"பிள்ளையைக் கொண்டாங்க" என்றாள். பெய்ஷென் அந்த வாரத்தில் இரண்டாம் தடவை விம்மினார். அதை மறைக்கக்கூட இல்லை.

இதோடு மனிதர் திருந்திவிட்டார் என்று முடித்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. ஆனால் முகப்புக்காரரை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. பேரனைப் பார்க்க ஊர் வந்தது. குழந்தைக்குப் பரிசு வைத்தது. பிறகு, வீட்டுக்குள் கூடாரமும் கூடாரத்துக்குள் சரவிளக்கும் பார்த்து வாயைப் பிளந்து, அதற்கும் தனியாக வைத்தது. மூன்றாம் நாளே பெய்ஷென் திரைகளைத் திறந்துவிட்டார். ஐந்தாம் நாள், "திட்டமே இதுதானே! இல்லேன்னா எதுக்குக் கூரையை நாலு மீட்டர் தூக்கியிருப்பேன்?" என்றார். பக்கத்தில் நின்ற புருல்சா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

அந்த வசந்தத்தில் அவள் கணவனைக் கேட்கவில்லை. கெனெஷிடம் நேரே சொல்லிவிட்டாள். லாரி லாரியாகக் கல்பஞ்சு வந்து இறங்கியது. நான்கு சுவருக்கும் அரைச் சாண், கூரைக்கு இரண்டு மடிப்பு. பெய்ஷென் எதிர்க்கவில்லை. பேரன் குப்புற விழுந்து புரளத் தொடங்கிவிட்டான். கூடாரத்துக்குள் எத்தனை நாள் அடைத்துவைப்பது? அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார், பஞ்சுத் தூசியில் இருமினார், ஒரு சொல் குறை சொல்லவில்லை. பூச்சு வேலை தொடங்குகிற அன்றைக்குத்தான் கெனெஷைத் தனியாகக் கூப்பிட்டார்.

இப்போது நீங்கள் நரினுக்குப் போனால் அந்த வீட்டைப் பார்க்கலாம். கதகதப்பான வீடு, கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவீர்கள். தேநீருக்குப் பிறகு பெய்ஷென் உங்கள் கையைப் பிடித்துக் கூடத்தின் வடக்குச் சுவருக்கு அழைத்துப் போவார். அங்கே செங்கல்லைப் பெயர்த்து, புகைப்படச் சட்டம் அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, பொன்னிறச் சட்டமிட்டு, ஒற்றைக் கண்ணாடி போட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு விளக்கு. அதைப் போட்டுக் காட்டுவார். கண்ணாடிக்குப் பின்னால், மஞ்சளாக, மெத்தென்று, கல்பஞ்சு. "அரைச் சாண்!" என்பார். "எங்க வேணும்னாலும் போய்ப் பாருங்க, இந்தக் கனத்துக்கு யாரு போட்டிருக்கா?" நீங்கள் பார்த்துவிட்டீர்கள், இனி வெறுங்கையோடு போக முடியாது. குளிர்காலத்தில் அந்த ஒரு கண்ணாடி வழியாகத்தான் குளிர் உள்ளே வருகிறது. குழந்தையின் தொட்டிலை அந்தப் பக்கம் வைக்கவேண்டாமென்று புருல்சா சொல்லிவிட்டாள்.

சிரித்தீர்களா? நல்லது. உங்கள் வீட்டு வெளிச்சுவரின் நிறம் என்னவென்று கேட்டால் கடை அட்டையில் இருந்த பெயரோடு சொல்லிவிடுவீர்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது? உங்களுடையது குளிர் ஊர் என்றால் வடக்குச் சுவர், வெயில் ஊர் என்றால் மேற்குச் சுவர். எழுந்து போய் இப்போதே கையை வைத்துப் பாருங்களேன். தனியாகத்தான் இருக்கிறீர்கள், யாரும் உங்களைப் பார்க்கவில்லை.

"யாரும் பார்க்காதபோது எதற்கு எழுந்திருப்பது?" என்று ஒரு விநாடி தோன்றியதல்லவா? அப்படியானால் பெய்ஷென் உங்களை வீட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறார். சொந்தக்காரரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்றாம்.